வழுக்காத எழுத்துகள்

என் நாத்தனாரை நான் புகழ்ந்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கல்யாணமான இந்தப் பதினொரு வருஷத்தில் எங்களுக்குள் வாக்குவாதம் இல்லாத வாரமே கிடையாது. இரண்டு பேருக்கும் தலையாட்டித் தலையாட்டியே என் கணவருக்குக் கழுத்து சுளுக்கிவிட்டது. அதனால் நான் சொல்லப்போவதை உறவுக்காகச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அவள் கெட்டிக்காரி. அப்படி ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

அவள் மாடியில் குடியிருக்கிறாள், நாங்கள் கீழே. அவளுக்கு மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை. எனக்கு ஓட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை. அவள் கணவர் கப்பலில் இருக்கிறார், வருஷத்துக்கு இரண்டு முறை தலையைக் காட்டுவார். ஒரே பெண், ஆறு வயது. அது செய்யும் சேட்டைக்கு வாலு என்று பெயர் வைத்துவிட்டோம். வாலுவுக்குப் பிறவியிலேயே பார்வை மிகக் குறைவு. வெளிச்சம் தெரியும், எதிரே ஆள் நிற்பது தெரியும். தாளில் இருக்கும் எழுத்து மட்டும் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தாலும் தெரியாது.

அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஆசிரியை குழந்தையை வெளியே விளையாட விட்டுவிட்டு ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "உயிரெழுத்து பன்னிரண்டும் தெரிஞ்சா சேர்த்துக்கறேன். மத்த பிள்ளைங்களோட இவ ஈடுகொடுப்பான்னு எனக்கு நம்பிக்கை வரணும். இல்லேன்னா விடுதி இருக்கிற பள்ளிக்கூடம்தான் இவளுக்கு நல்லது."

விடுதிப் பள்ளிக்கு ரயிலில் ஒரு நாள் முழுக்கப் போக வேண்டும். நாத்தனார் வாலுவைத் தூக்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். வந்ததும், "அண்ணி, அவளை அனுப்பிட்டு என்னால இருக்க முடியாது," என்றாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கை முடியக் கையில் மூன்று வாரம் இருந்தது.

களிமண்ணில் எழுத்து செய்தாள், உடைந்தது. கயிற்றை அட்டையில் ஒட்டினாள், வாலு அரை மணி நேரத்தில் பிய்த்தெடுத்துவிட்டாள். அப்புறம் ஒரு நாள் பொம்மைக் கடையிலிருந்து டப்பா நிறைய பிளாஸ்டிக் மணியோடு வந்தாள். மெல்லிய குழாயைப் பொடிப்பொடியாக நறுக்கியது போன்ற, நடுவில் ஓட்டையுள்ள மணிகள். முளைகள் வரிசை வரிசையாக நிற்கும் ஒரு பலகையில் அவற்றை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். மேலே மெழுகுத்தாள் போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் மணிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

"விளையாட்டுச் சாமானை வெச்சா பாடம் நடத்தப்போறே?" என்றேன்.

"விளையாடற வயசுதானே அண்ணி அவளுக்கு," என்றாள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் மாடிக்குப் போனேன். கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி இது, கண்ணாமூச்சியா?"

"இ-னா சுழியற இடத்துல விரல் தடுமாறுது அண்ணி. எனக்கே தடுமாறினா அவ என்ன பண்ணுவா?"

துண்டை அவிழ்த்தாள். மருந்துக்கடையில் மாத்திரை எடுக்கும் இடுக்கியால் நாற்பது மணிகளைப் பிடுங்கி வேறு மாதிரி செருகினாள். மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்த்தாள். நான் கீழே போய்த் துணி துவைத்து, காயப்போட்டு, சமையலையும் முடித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தால் அதே இ. ஆறாவது தடவையாம். நானாக இருந்தால் இரண்டாவது தடவையே பலகையை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். எழுத்து தொடங்கும் இடம் தெரிய அங்கே மட்டும் மூன்று மணி அகலம் வைத்திருந்தாள், மற்ற இடமெல்லாம் இரண்டு. இதையெல்லாம் யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை.

ஐந்து எழுத்துகளை ஐந்து பலகைகளில் முடித்து வைத்துவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள். "லேசா, ஒரு பக்கம் மட்டும் சூடு காட்டுங்க அண்ணி," என்றாள். ஒரு நாளைக்கு இருநூறு சட்டை தேய்க்கிற எனக்கே பாடமா என்று கடுப்பாகிவிட்டது. தாளை விரித்தேன், அழுத்தித் தேய்த்தேன், திருப்பிப் போட்டு மறுபக்கமும் தேய்த்தேன். ஐந்தும் பளபளவென்று வந்தன. சாயங்காலம் வாலுவைக் கூப்பிட்டுப் பெருமையாகக் கையில் கொடுத்தேன்.

வாலு தடவினாள். திருப்பித் தடவினாள். "அத்தை, வழுக்குது. எழுத்து எங்க?"

அப்போதுதான் பார்த்தேன். மணிகளின் ஓட்டைகள் எல்லாம் அடைந்துபோயிருந்தன. சுழிகளும் உருகி மூடிக்கொண்டு வெறும் தட்டையாகக் கிடந்தன. அந்த ஓட்டைகளைத் தொட்டுத் தொட்டுத்தான் குழந்தையின் விரல் வழி கண்டுபிடிக்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பன்னிரண்டு நாள் உழைப்பு போயிற்று. மிச்சம் இருந்தது ஒன்பதே நாள்.

நாத்தனார் வந்தாள். சண்டைக்கு நான் தயாராகத்தான் நின்றேன், திட்டினால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஓர் எழுத்தை எடுத்துக் கண்ணை மூடித் தடவினாள்.

"கண்ணாடி மாதிரி தேய்ச்சிருக்கீங்க அண்ணி."

குத்திக்காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"சட்டைன்னா சுருக்கம் இருக்கக் கூடாது. இதுக்கு இருக்கணும். நான்தான் அதை விளக்கமா சொல்லியிருக்கணும்," என்றவள் கைகூடக் கழுவாமல் பலகையை இழுத்து அ-னாவின் முதல் மணியைச் செருகினாள். நான் கீழே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் அவளும் விடுப்பு எடுத்தாள், நானும் எடுத்தேன். நான் மணிகளைப் பிரித்துக் கொடுத்தேன். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் வைத்து, பத்து எண்ணி, அப்படியே தூக்கப் பழகினேன். கை அதுபாட்டுக்கு அழுத்தப் போகும், அவள் என் மணிக்கட்டைத் தொடுவாள். கடைசி நாளுக்கு முந்தைய நாள் பன்னிரண்டாவது எழுத்தும் முடிந்தது. வாலு பன்னிரண்டையும் மடியில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியை எங்கள் எழுத்துகளை வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "தொட்டுச் சொல்றது மனப்பாடமா இருக்கலாம். எழுதட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாலு கையில் நாங்கள் பென்சிலே கொடுத்ததில்லை. ஆசிரியை பெரிய தாளைத் தரையில் விரித்து, தடித்த மெழுகு வண்ணக்குச்சி ஒன்றைக் குழந்தை கையில் கொடுத்தார்.

வாலு இடது கையால் தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். குச்சியை ஊன்றினாள். எழுதினாள். கொஞ்சம் வலப்பக்கம், கொஞ்சம் கீழே, மறுபடி கொஞ்சம் வலப்பக்கம், மறுபடி கீழே. கட்டம் கட்டமாக நிற்கும் முளைகளில் அவள் அம்மா வளைவைப் படி படியாகத்தான் இறக்க முடிந்தது. குழந்தைக்கு வளைவு என்றாலே அதுதான். பன்னிரண்டு எழுத்தும் மாடிப்படி மாதிரி தாளில் இறங்கின.

ஆசிரியை குனிந்து அந்தப் படிகளைப் பார்த்தார். நாத்தனார் எழுந்துவிட்டாள். "தப்பு என்னோடது டீச்சர். அவ சரியாத்தான் கத்துக்கிட்டா. வளைவை நான் அப்படித்தான் செஞ்சு கொடுத்தேன்."

"உட்காருங்கம்மா," என்றார் ஆசிரியை. தாளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். "பன்னிரண்டும் இருக்கு. வளைவை நான் பார்த்துக்கறேன். திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க."

வாலு தலையை நிமிர்த்திக் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், சாயங்காலம் வீட்டுக்கு விட்டுடுவீங்கல்ல?"

விடுதியைப் பற்றி அவள் காதுபட நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியதில்லை என்றுதான் நினைத்திருந்தோம்.

"மூணு மணிக்கெல்லாம் விட்டுடுவேன்," என்றார் ஆசிரியை.

நாத்தனார் அந்தத் தரையிலேயே, தாளின் மேலேயே உட்கார்ந்து பெண்ணை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.