போதகர் உட்கார்ந்த இடம்

சர்வதேச இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் எங்கள் துவாலு நாடு ஒருமுறைகூட மயிரிழையில் தோற்றதில்லை. தோற்றால் எல்லோரும் ஒத்துக்கொள்கிற மாதிரி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் தோற்போம்.

மேசைப் பந்துக்கு ஒரு பையனை அனுப்பினோம். நல்ல கைகாரன். ஆனால் எங்கள் தீவில் கடல்காற்று ஓய்வதில்லை. காற்று எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் பண்ணி அடித்தே பழகியவன். போட்டி நடந்ததோ நாலு சுவருக்குள். அவன் அடித்த பந்தெல்லாம் பக்கத்து மேசையில் போய் விழுந்தது. அங்கே ஆடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அதில் இரண்டு புள்ளி கிடைத்தது. நீச்சலுக்குப் போனவன் காயலிலேயே பிறந்தவன் மாதிரி. குளத்துக்கு ஒரு முடிவு உண்டு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சுவர்தான் சொன்னது. இன்றைக்கும் மழைக்காலத்தில் நெற்றி வலிக்கிறது என்கிறான்.

இப்படி இருந்த சரித்திரத்தில்தான் என் தங்கை மகள் லிலியேதா வந்து புகுந்தாள்.

எனக்கு அப்போது விமான நிலையத்தில் சங்கு ஊதுகிற வேலை. எங்கள் தலைநகர்த் தீவான ஃபுனாஃபுட்டியில் நீளமாக, நேராக, மேடுபள்ளம் இல்லாமல் இருக்கிற ஒரே இடம் ஓடுபாதைதான். ஆகையால் ஊரே அங்கேதான் பந்து விளையாடும், பாய் விரித்துப் படுக்கும், கதை பேசும். முதல் சங்குக்கு சனங்கள் விலகுவார்கள். இரண்டாவது சங்குக்குப் பன்றிகள் விலகும். அதற்குப் பிறகு விமானம் தரையைத் தொடுகிற வரைக்கும் பாதை முழுவதும் லிலியேதாவுக்கு. விமானம் வருகிற நாள்தான் அவளுக்குப் பயிற்சி நாள். ஒருநாள் கொஞ்சம் தாமதித்துவிட்டாள். விமானம் பின்னாலேயே வந்துவிட்டது. கடைசிவரை துரத்தியும் பிடிக்க முடியாத விமானி, இறங்கி வந்து அவளுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். பயணிகளும் கை தட்டினார்கள். நான் பார்த்தேன்.

அந்த வருஷத்து இளையோர் போட்டிக்கு நாங்கள் நாலு பேர் போனோம். நூறு மீட்டர் ஓட லிலியேதா. பயிற்சியாளராகப் பள்ளிக்கூட வாத்தியார் எத்திமோனி. மேலாளராக நான். குழுவுக்குத் தலைவராகப் போதகர் பனப்பா. போதகர் எங்கள் எல்லோருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவர். உடம்பு, கதவை நிறைக்கிற உடம்பு. விமானத்தில் அவர் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று விமானியே வந்து சொன்னார்.

போட்டி நடந்த ஊரில், விளையாட்டு வீரர்கள் தங்குமிடத்தின் வாசலில் ஒரு பெரிய பலகை. பதக்கம் வாங்கிய நாடுகளின் பெயர் மட்டும் அதில் ஏறும். வாங்காத நாடுகளுக்கெல்லாம் சேர்த்து அடியில் ‘மற்றவை’ என்று ஒரே வரி.

லிலியேதா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, நாமதான் அந்த மத்தவையா?”

“நாம மட்டும் இல்லடி. இன்னும் நெறைய பேரு இருக்காங்க.”

“வீட்டுல மீதியான குழம்பையெல்லாம் ஒரே சட்டியில ஊத்தி வெச்ச மாதிரி இருக்கு. எனக்குத் தங்கம்லாம் வேணாம். மூணாவதா வந்தாப் போதும். நம்ம பேரு தனியா வரணும்.”

மறுநாள் தகுதிச் சுற்று. துப்பாக்கி வெடித்தது. லிலியேதா முதல் ஆளாகப் பறந்தாள். நானும் எத்திமோனியும் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளத் தயாரானோம். பாதி தூரம் தாண்டியதும் அந்தப் பெண் திடீரென்று இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, ஒரு கையை முன்னால் நீட்டி, “துலோ, துலோ” என்று சொல்லிக்கொண்டே பத்தடி நடந்தாள். பிறகு நிமிர்ந்து மறுபடி ஓடினாள். மருத்துவர்கள் பனிக்கட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

எங்களுக்கு மட்டும் விளங்கிவிட்டது. அந்த இடத்துக்கு நேராக, முன் வரிசையில், போதகர் பனப்பா உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் முன்னால் யாரும் நிமிர்ந்து போகிறதில்லை. ‘துலோ’ என்று மன்னிப்புக் கேட்டுக் குனிந்துதான் போக வேண்டும். அரங்கத்தில் மற்ற ஆயிரம் பேரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். அவர்கள் அந்நியர்கள், தென்னந்தோப்பு மாதிரி. தென்னைக்கு யார் குனிவார்கள்? ஊரில் இந்தத் தொல்லை வந்ததே இல்லை; சங்கு ஊதிய பிறகு ஓடுபாதையில் போதகர்கூட உட்கார்ந்திருக்க மாட்டார்.

நல்ல வேளையாக அந்தச் சுற்றில் இரண்டு பேர் துப்பாக்கிக்கு முன்னாலேயே ஓடி வெளியேற்றப்பட்டார்கள். இவள் எப்படியோ தொத்திக்கொண்டு இறுதிப் போட்டிக்குள் நுழைந்துவிட்டாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் எத்திமோனி தட்டைத் தள்ளிவிட்டார். “ஏம்மா, ஓட்டப் பந்தயத்துல யாராவது மரியாதை குடுப்பாங்களா?”

“நான் குடுக்கலை சார். உடம்பு தானா குனியுது.”

“நாளைக்கு அவரைப் பாக்காத!”

“அவரைப் பாக்காம எப்படி சார்? எங்க பாத்தாலும் அவருதான் தெரியிறாரு. ஊருல எல்லாரும் போன்ல பாத்துட்டு இருப்பாங்க. போதகர் முன்னாடி நிமிந்து ஓடுனா எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள விடுமா?”

நான் போதகரிடம் திரும்பினேன். “ஐயா, நாளைக்கு அறையிலேயே இருந்து ஜெபம் பண்ணுங்களேன்.”

போதகர் மூன்றாவது கோழிக்காலைக் கீழே வைத்தார். “ஏலே, என்னை நாட்டு சார்புல அனுப்பியிருக்காங்க. அறையில உக்காரவா அனுப்புனாங்க?”

“அப்ப நின்னுக்கிட்டாவது பாருங்க. நீங்க நின்னா அவ குனிய வேண்டியதில்லையே.”

அவர் தன் முழங்கால்களைப் பார்த்தார். பிறகு லிலியேதாவைப் பார்த்தார். “பன்னெண்டு செகண்டுதானே? நிக்கிறேன். ஆண்டவர் பிடிச்சுக்குவார்.”

இறுதிப் போட்டியில் அவர் சொன்னபடி நின்றார். பின்னால் ஐந்து வரிசைக்கு மைதானம் மறைந்துபோனது. “உக்காருங்க! உக்காருங்க!” என்று எல்லா பாஷையிலும் கத்தினார்கள். மஞ்சள் சட்டை போட்ட தொண்டர் பெண் ஓடி வந்து, “ஐயா, தயவுசெய்து உட்காருங்கள்” என்று கெஞ்சினாள். கீழே எட்டுப் பெண்களும் தொடக்கக் கோட்டில் குனிந்துவிட்டார்கள். கெஞ்சினால் போதகர் இளகிவிடுவார். அது அவர் தொழில். முழங்கால் மடங்க ஆரம்பித்தது.

“வாத்தியாரே, தூக்கு!” என்றேன்.

ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் இறங்கி, ஓரமாகவே ஓடினோம். முடிவுக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டால் அதற்குப் பிறகு அவர் எங்கே உட்கார்ந்தால் என்ன என்பது என் யோசனை. போதகர் பனப்பா ஓடியதை உலகம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இரண்டு மூன்று புகைப்படக்காரர்கள் லிலியேதாவை விட்டுவிட்டு அவர் பக்கம் கருவியைத் திருப்பினார்கள்.

“டேய், மூச்சு... விடுங்கடா... கடன்காரப் பசங்களா...”

“இன்னும் கொஞ்சம்தான் ஐயா! கோடு வந்துருச்சு!”

துப்பாக்கி வெடித்தது. கோட்டைத் தாண்டி ஒரே ஓர் எட்டு வைத்தோம். அதற்குமேல் போதகரால் முடியவில்லை. ஒரு புகைப்படக்காரரின் பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். பெட்டி தாங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எத்திமோனிதான் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“நிமிந்துதான் ஓடுறா... நாலாவதா வர்றா... மூணாவது ஆளு தோளுக்குத் தோள் இருக்கா... ஐயோ, அவரைப் பாத்துட்டா!”

கண்ணைத் திறந்தேன். கோட்டுக்கு ஓர் எட்டு இருக்கும்போது லிலியேதா போதகரைப் பார்த்தாள். உடனே இடுப்பு வளைந்தது, தலை தாழ்ந்தது, நெஞ்சு முன்னால் பாய்ந்தது. “துலோ!” என்று அவள் சொன்னது எங்கள் வரைக்கும் கேட்டது. பக்கத்துப் பெண் நிமிர்ந்த நெஞ்சோடு கோட்டைத் தாண்டினாள். இவள் குனிந்த நெஞ்சோடு தாண்டி, அதே வேகத்தில் போதகரின் காலடியில் வந்து விழுந்தாள்.

“எந்திரி பிள்ளே,” என்றார் போதகர் மூச்சிரைக்க. “இவ்வளவு மரியாதை தேவையில்லை.”

புகைப்படத்தை வைத்துக்கொண்டு நடுவர்கள் வெகுநேரம் பேசினார்கள். ஓட்டத்தில் கோட்டைக் கடப்பது காலுமில்லை, தலையுமில்லை, நெஞ்சுதானாம். கடைசியில் ஒலிபெருக்கியில் எங்கள் நாட்டின் பெயரைச் சொன்னார்கள். சொன்னவருக்குப் பழக்கமில்லாத பெயர். ரொம்ப ஜாக்கிரதையாகச் சொன்னார். மூன்றாவது இடம்.

எத்திமோனி தரையில் உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை, மேலாளர் அழக் கூடாது. தொண்டர் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஆடினேன், அவ்வளவுதான். போதகர் மட்டும் எத்திமோனியின் தோளைத் தட்டி, “அது இருக்கட்டும், என் நேரம் என்னன்னு குறிச்சியா?” என்று கேட்டார்.

சாயங்காலம் வாசல் பலகைக்கு முன்னால் போய் நின்றோம். ஓர் ஆள் ஏணி போட்டு ஏறி, ‘மற்றவை’க்கு மேலே எங்கள் பெயரைத் தனி வரியாக மாட்டினான். லிலியேதா அவனை இறங்கவிடாமல், கொஞ்சம் இடது பக்கம் தூக்கு, வலது பக்கம் இறக்கு என்று வேலை வாங்கினாள்.

அங்கேயே ஒரு பத்திரிகைக்காரர் அவளைப் பிடித்துக்கொண்டார். “கடைசி எட்டில் அப்படிப் பாய்வதற்கு யார் பயிற்சி கொடுத்தது?”

“எங்கம்மாதான். நடக்கப் பழகுன நாள்லேர்ந்து.”

அவர் அதை அப்படியே எழுதிவிட்டார். அதிலிருந்து என் தங்கைக்கு நிம்மதி இல்லை. உலகத்துப் பயிற்சியாளர்கள் எல்லாம் அவளுடைய முறை என்ன என்று கேட்டுத் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். போன வாரம் ஒருவர் கூப்பிட்டபோது அவள் மீன் சுட்டுக்கொண்டிருந்தாள். “முறையாவது மண்ணாவது, பிள்ளைங்களை மரியாதையா வளக்கப் பாருங்கய்யா!” என்று சொல்லிவிட்டு, மீனைத் திருப்பிப் போடப் போய்விட்டாள்.