எதிர்ப்பக்கத்து டிக்கெட்

டிரைவர் சந்தீப்பின் மேட்டடார் மினி லாரி கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பரமசிவம் அதற்குள் வந்து வண்டியை இரண்டு முறை சுற்றிவிட்டார். டயரை உதைத்துப் பார்த்தார். பின்பலகையின் கொக்கியை இழுத்துப் பார்த்தார். முப்பத்தாறு வருஷம் சாந்த்ராகாச்சி யார்டில் வேகனோடு வேகனைக் கோத்துவிட்ட ஆள். அடுத்தவன் மாட்டிய கொக்கியை அவர் நம்பியதே கிடையாது.

அன்றைக்கு டெர்பி. ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் கால்பந்தில் மோதுகிற நாள் என்றால் கல்கத்தாவில் பாதி ஊர் மற்றப் பாதியோடு பேசாது. ரயில்வே காலனியின் ஈஸ்ட் பெங்கால் ஆட்கள் முப்பது பேர், திறந்த வண்டியில் நின்றபடியே ஆற்றைக் கடந்து சால்ட் லேக் ஸ்டேடியத்துக்குப் போவார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய சடங்குகள் ஒரு கல்யாணத்துக்கு உண்டானவை. டிரைவர் முன்னால் இருக்கும் காளி படத்துக்குச் செம்பருத்தி மாலை. வண்டியின் நெற்றியில் அட்டையில் வெட்டிய ஆள் நீள இலிஷ் மீன், ஈஸ்ட் பெங்கால் கட்சியின் அடையாளம். டீ குடித்த மண்குவளையை வலது காலால்தான் மிதித்து உடைக்க வேண்டும். ரசிகர் சங்கத்தின் செயலாளர் ஜெயபிரகாஷ், கடைசியாக ஜெயித்த அன்று போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்து அதைத்தான் போடுவான். பக்கத்தில் நிற்பவன் மூக்கைப் பிடித்தால் அது குற்றம்.

இதில் எதையும் பரமசிவம் நம்பியதில்லை. "பந்துக்கு ஏதுடா மூக்கு?" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள், மறுபடி மாலையைச் சரி செய்யப் போய்விடுவார்கள்.

அவருக்கு இருந்தது ஒரே வேலை. வண்டி பாலத்தில் ஏறியதும் "ஜீத்பே கே?" என்று கேட்பது. யார் ஜெயிக்கப்போவது என்று அர்த்தம். வண்டி மொத்தமும் "ஈஸ்ட் பெங்கால்" என்று பதில் சொல்லும். பிறகு கேலரியில் மூன்றாவது படியில் நின்றுகொண்டு தொண்ணூறு நிமிஷமும் அதே கேள்வி. எஞ்சின் இரைச்சலைத் தாண்டி டிரைவர் காதில் விழும்படி கத்திக் கத்திப் பழுத்த தொண்டை அது. மைக் வேண்டாம், முரசு வேண்டாம். அந்த டீமின் முன்வரிசையில் ஒரு காலத்தில் தெற்கத்தி ஆட்கள் ஆடினார்கள் என்பதற்காக அவருடைய அப்பா பிடித்த கட்சி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவருக்கு, இந்த ஊரில் தன்னுடையது என்று சொல்ல அந்தப் படியும் அந்தக் கேள்வியும்தான் இருந்தன.

அன்று வந்தவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பெங்காலிப் பையன்கள் வழக்கமாகச் சித்தப்பா முறை வைத்து "காகா, தொண்டை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்கள். இன்றைக்கு மாலையிலேயே கண்ணாக இருந்தார்கள். ஏதோ கோளாறு என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஜெயபிரகாஷ் அவரை டீக்கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். அவனை அவன் பிறந்த நாளிலிருந்து அவருக்குத் தெரியும். அவன் அப்பாவும் இவரும் ஒரே யார்டு.

"மாமா, கோவிச்சுக்காம கேளுங்க."

"கோவிக்கிற விஷயமா இருந்தா கோவிப்பேன். சொல்லு."

"இன்னைக்கு நீங்க நம்ம கேலரில உக்கார வேணாம்."

பரமசிவம் திரும்பி வண்டிப் பக்கம் பார்த்தார்.

"பசங்க எழுதி வச்சிருக்காங்க மாமா. கடைசியா அஞ்சு டெர்பிக்கு வந்தீங்க, அஞ்சும் தோத்தோம். நடுவுல கால் சுளுக்கி நீங்க வீட்ல இருந்தது ஒண்ணு. அது ஜெயிச்சோம். உங்களை ஒபோயாங்கிறாங்க."

ஒபோயா என்றால் ராசி கெட்டவன். போன இடம் விளங்காதவன். ஐம்பது வருஷமாக இந்த ஊரில் இருப்பவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"கோல்கீப்பரும்தான் அஞ்சு தடவையும் வந்தான். அவனை வீட்ல இருன்னு யாராவது சொன்னீங்களா?"

"அவனை மாத்தியாச்சு மாமா."

"சந்தீப்பு? அவன்தானே வண்டி ஓட்டிட்டு வர்றான்."

"அவன் எங்க உள்ள வர்றான், வண்டியிலயே படுத்துத் தூங்கிடுவான்." ஜெயபிரகாஷ் சட்டைப் பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்தான். கூடவே ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே பச்சையும் மெரூனுமாக ஒரு துண்டு. மோகன் பகான் நிறம். "அந்தப் பக்கத்து டிக்கெட்டு. கஷ்டப்பட்டு வாங்கினோம்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். உங்க ராசி அவங்க நடுவுல போய் உக்காரட்டும்னு பசங்க பிளான்."

அறைந்திருப்பார். டீக்கடைக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். "வெக்கமா இல்ல உனக்கு? படிச்சவன்தானே நீ?"

"ஒரே ஒரு நாள் மாமா. நீங்க அங்க இருந்தும் நாம தோத்துட்டோம்னா உங்க மேல தப்பில்லைன்னு ஆயிடும். அடுத்த மேட்சுக்குப் பழைய படி, பழைய வேலை. எவன் வாய் தொறக்கிறான்னு நான் பாத்துக்கிறேன்."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா ஜெயிச்சதுதானே" என்று சொல்லிவிட்டு ஜெயபிரகாஷ் வண்டியைப் பார்த்து நடந்தான்.

வரமாட்டேன் என்று வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பினால் ஒபோயா என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. ஏறினார். பாலம் வந்தது. வழக்கப்படி வாயைத் திறந்தவரின் தோளை ஒருவன் தொட்டான். "இன்னிக்கு வேணாம் காகா." வேறொருவன் கேட்டான், ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற குரலில். பதிலும் அந்த லட்சணத்தில்தான் வந்தது. பரமசிவம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எதிர் கேலரியில் அவருக்குப் பக்கத்து இடம் நிர்மல் கோஷால் என்ற மனிதருக்கு. பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். ஐந்து நிமிஷத்தில் தன் சர்க்கரை வியாதி, மருமகள் சமையல் எல்லாம் சொல்லி முடித்தார். பெங்காலி வழக்கப்படி 'தாதா', அதாவது அண்ணா, என்று கூப்பிட்டுப் பொரிப் பொட்டலத்தை நீட்டினார்.

"தாதா மெட்ராஸ்காரரா? நம்ம டீமை ஆதரிக்கிறீங்களே, ரொம்ப சந்தோஷம்."

பரமசிவம் பொரியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். வாயில் ஏதாவது இருந்தால் பேச வேண்டியதில்லை. துண்டு கழுத்தை அரித்தது. எதிரே, மைதானத்துக்கு அப்பால், சிவப்பும் மஞ்சளுமாகத் தன் ஆட்கள். அங்கே மூன்றாவது படி எது என்று இங்கிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

இடைவேளைக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் கோல் போட்டது. பரமசிவத்தின் இடுப்பு தானாக எழுந்துவிட்டது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர் செத்த வீடு மாதிரி உட்கார்ந்திருக்க அவர் ஒருவர்தான் பாதி எழுந்து நின்றார். கோஷால் நிமிர்ந்து பார்த்தார்.

"கால் மரத்துப்போச்சு" என்றார் பரமசிவம்.

"எனக்கு மனசே மரத்துப்போச்சு தாதா" என்றார் கோஷால்.

உட்கார்ந்த பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. இப்படியே ஜெயித்துவிட்டால், ஒபோயா என்பது ருசுவாகிவிடும். தோற்றால்தான் படி திரும்பக் கிடைக்கும். ஜெயபிரகாஷ் சொன்ன ஒரு நாள் கணக்கு அப்படி. யார்டில் தப்பான லைனில் திருப்பிவிட்ட வேகன் மாதிரி அவரை இங்கே திருப்பிவிட்டிருக்கிறார்கள், எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இடிக்கத்தான் வேண்டும். ஐம்பது வருஷம் எந்த டீமுக்காகத் தொண்டையைக் கொடுத்தாரோ அது தோற்க வேண்டும் என்று நினைக்கிற நிலைமைக்கு ஓர் ஆளைக் கொண்டுவந்து விட்டார்களே என்று பொரிக் காகிதத்தைக் கசக்கினார்.

கடைசி எட்டு நிமிஷம். மோகன் பகான் விடாமல் முட்டியது. சுற்றியிருந்தவர்களுக்குக் கத்தவும் தெம்பில்லை. பரமசிவம் எழுந்தார். எழ வேண்டும் என்று நினைத்து எழவில்லை.

"ஜீத்பே கே?"

அந்தத் தொண்டையிலிருந்து வந்தது, கேட்க வேண்டுமா. பத்து வரிசைக்குத் தலைகள் திரும்பின. ஒரு கணம் கழித்து "மோகன் பகான்" என்று பதில் வந்தது. மறுபடி கேட்டார். பதில் பெரிதானது. மூன்றாவது தடவை கேலரி மொத்தமும் எழுந்து நின்றது. நான் கேள்விதானே கேட்டேன், பதிலையா சொன்னேன் என்று தனக்குள்ளே ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. அவர் மனசாரத்தான் கேட்டார்.

கடைசி நிமிஷத்தில் ஒரு மோகன் பகான் ஆள் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்து வெளியே போனது. விசில் ஊதிவிட்டார்கள். கோஷால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க குரலுக்காவது ஒரு கோல் விழுந்திருக்கலாம் தாதா."

திரும்பும் வண்டியில் கால் தரையில் படவில்லை யாருக்கும். அட்டை மீனைப் பிடுங்கி ஆளுக்கு ஆள் முத்தம் கொடுத்தார்கள். பரமசிவத்தைத் தூக்கித் தோளில் வைக்கப் பார்த்தார்கள். அவர் கையை உதறினார்.

"எல்லாரும் கேளுங்கடா. கடைசி எட்டு நிமிஷம் நான் அவங்களுக்காகக் கத்தினேன். அந்த கேலரியை எழுப்பி விட்டது நான்தான். அவங்க கோல் போடணும்னு மனசார நெனச்சேன்."

வண்டி அடங்கியது. சரி, இப்போது வசைபாடுவார்கள், பாடட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தினார். துரோகி என்றால் அதுவாவது அவர் செய்த ஒன்றுக்கு வாங்கிய பெயர்.

பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். "அதனாலதான் பந்து கம்பத்துல பட்டுச்சு."

அவ்வளவுதான். வண்டியே ஆடியது. ஜெயபிரகாஷ் அந்தத் துவைக்காத சட்டையோடு அவரைக் கட்டிக்கொண்டான்.

"டேய், நான் துரோகம் பண்ணேன்னு சொல்றேன்."

"பண்ணுங்க மாமா. அடுத்த தடவையும் இதே மாதிரி பண்ணுங்க."

"ஒரு நாள்தான்னு சொன்னியே."

"ஜெயிச்ச சட்டையைத் துவைக்கிறோமா? ஜெயிச்ச ஆளை மட்டும் எப்படி மாமா இடம் மாத்துறது?"

நாலு மாதம் கழித்து அடுத்த டெர்பி. பரமசிவம் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துப் பார்த்தார். ஜெயபிரகாஷ் நாலு பேரோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றான். போகாமல் இருந்து, தோற்றுவிட்டால், அதுவும் அவர் தலையில்தான் விழும். பச்சை மெரூன் துண்டை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டார். இந்தத் தடவை பாலத்தில் வாயைத் திறக்கவே இல்லை.

எதிர் கேலரியில் கோஷால் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு தெரிந்த முகமாவது இருக்கிறதே என்று பரமசிவம் பக்கத்தில் போனார். கோஷால் பொரிப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"தாதா, தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவை உங்க பக்கத்துல உக்காந்தேன், நாங்க தோத்தோம். நான் இதையெல்லாம் நம்புறவன் இல்ல. ஆனா என் மச்சினன் ரொம்பச் சொல்றான்."

சொல்லிவிட்டு நாலு படி மேலே ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டார். சற்று நேரத்தில் அந்த மச்சினன் முன்னால் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னான். அவரும் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். ஆட்டம் தொடங்கும்போது பரமசிவத்தைச் சுற்றி ஒரு பெஞ்சு போடுகிற அளவுக்கு இடம் காலியாகிவிட்டது. நூறு வருஷமாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அவர்தான்.

அதற்கு மேல் அவரால் உட்கார முடியவில்லை. இறங்கி வெளியே வந்தார். கேட்டில் இருந்த காவல்காரன், "வெளிய போனா மறுபடி உள்ள விடமாட்டோம்" என்றான்.

"நீ விட்டாலும் நான் வரப்போறதில்ல" என்றார் பரமசிவம்.

ஸ்டேடியத்தைப் பாதி சுற்றி நடந்து வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்தார். சந்தீப் சீட்டில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். சுவருக்கு அப்பால் ஈஸ்ட் பெங்கால் பக்கம். அந்த ரேஷன் கடைக் குரல் கேட்டது. "ஜீத்பே கே?" அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதில். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு கூட்ஸ் வண்டியே போய்விடலாம் போல இடைவெளி. எரிச்சல் தலைக்கேறியது. இவனுக்குப் போய்க் கொடுத்தார்களே அந்த வேலையை.

துண்டை உருவி வண்டிக்குள் எறிந்தார். இடுப்பில் கைகளை ஊன்றிக்கொண்டு, சுவரைப் பார்த்து, யார்டில் கத்துகிற கத்தலாகக் கேட்டார்.

"ஜீத்பே கே?"

இரண்டு வண்டி தள்ளிப் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. சந்தீப் பதறி எழுந்து உட்கார்ந்தான். "என்ன காகா, இங்க யாருக்குக் கேக்கும்?"

அவன் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே இரைச்சல் எழும்பியது. சாதாரண இரைச்சல் இல்லை. கோல். எந்தப் பக்கம் என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. சந்தீப் போனை எடுத்துத் தேய்த்தான். பார்த்தான். வாயைத் திறந்தான்.

"சொல்லாதே" என்றார் பரமசிவம். எந்தப் பக்கம் போட்டிருந்தாலும் அதையும் அவர் கத்தலின் கணக்கில்தான் எழுதுவார்கள்.

"காகா, யாரு போட்டாங்கன்னா..."

"வாயைத் தொறந்தே, அந்தப் போனைப் புடுங்கிச் சாக்கடையில போட்டுடுவேன்."

சந்தீப் அவரைப் பார்த்தான், போனைப் பார்த்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பரமசிவம் பின்பலகையில் ஏறி உட்கார்ந்து கொக்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். உள்ளே இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். அது எந்தப் பெயர் என்று காதில் விழாமல் இருக்க, யார்டில் வேகன்களை எண்ணுகிற மாதிரி, எதிரே நின்ற பஸ்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்.