ஃபர்னஸுக்கு ஓய்வு நாள்

ஆயுத பூஜையன்று மெஷின் ஓடக்கூடாது என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. சொந்த ஊரான நகரியில் எங்கள் நைனாவின் பவர்லூம் தறி அன்றைக்கு ஒரு இழைகூட நெய்யாது. ஆனால் எனக்குத் திங்கட்கிழமை ரிவ்யூ. ஏர்பேடு பக்கம் இருக்கும் எங்கள் லேபுக்குப் பாக்சைட் கல் அனுப்பிய கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அலுமினியத்துக்கு மூலமான அலுமினா கூடுதலாக வருகிறது என்று காட்டாவிட்டால் ப்ராஜெக்டை மூடிவிடுவார்கள், என் பிஎச்டியும் அதோடு சேர்ந்து போகும். சாமி கண்ணைக் குத்தினால் குத்தட்டும் என்று காலை பத்தே காலுக்கு ஃபர்னஸைப் போட்டேன்.

அந்தக் கல் சரியான முரடு. அரைத்துக் காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்தால் அலுமினா கரைந்து வர வேண்டும்; இது பாதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். முதலில் வறுத்துவிட்டுக் கரைத்தால் இளகும் என்பது எங்கள் கணக்கு. முந்நூறு டிகிரியில் ஒன்றும் நடக்கவில்லை. அறுநூறில் கொஞ்சம் தேறியது. சூடுதான் போதவில்லை என்று அதற்கு மேலே மேலே ஏற்றி ஒரு வருஷம் மல்லுக்கட்டினேன். என் பிடிவாதம் ஊரறிந்தது.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் ஃபர்னஸ் அணைந்து கிடக்கிறது. மேலே சாமந்தி மாலை, கதவில் விபூதிப் பட்டை, டிகிரி எண் தெரியும் இடத்தில் அப்பிய குங்குமம். பக்கத்தில் லேப் அட்டெண்டர் முனியப்பன் அண்ணன் பொரிகடலைத் தட்டோடு நிற்கிறார். பாலசமுத்திரத்துக்காரர், பூஜை என்றால் விடமாட்டார். சாக்கில் இருந்த கடைசிக் கல் உள்ளே இருக்கிறது என்று கத்தினேன். அவர் குரலே உயரவில்லை.

“கோச்சிக்காதம்மா. நல்ல நாளும் அதுவுமா அது எரிஞ்சிக்கினு இருந்தா மனசு ஒப்புமா?”

வேறு கல் இல்லாததால் அந்த அரைவேக்காட்டையே விஜயதசமி லீவில் வந்து காஸ்டிக்கில் கொதிக்கவைத்து வடிகட்டினேன். சிவப்புச் சேறு தாளில் தங்கியது. கீழே இறங்கியது பார்வைக்கு வெறும் தண்ணீர். கரைந்த அலுமினா பற்றிப் படியட்டும் என்று, பழைய சோதனையில் கிடைத்த வெள்ளைத் தூளில் ஒரு சிட்டிகையை அதில் விதையாகப் போட்டு, கலக்கும் ஸ்டிரரை ஓடவிட்டுக் கிளம்பினேன். ஹாஸ்டலுக்குப் போனதும் நைனாவுக்கு போன் போட்டு, ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலை பீக்கரைப் பார்த்ததும் கால் நகரவில்லை. உள்ளே அத்தனையும் பால் வெள்ளை. ஸ்டிரரை நிறுத்தினேன். அவசரமே இல்லாமல் இறங்கி இறங்கிப் படிந்தது. பழைய சோதனைகளில் பீக்கரின் அடி மறைந்தாலே பெரிது. இது விரற்கடை உயரம் நின்றது. அவ்வளவு சிவப்பான கல்லுக்குள் இத்தனை வெள்ளை இருந்திருக்கிறது. கும்பிட வேண்டும் போலிருந்தது, கும்பிட்டேன்.

என் கைடு கிரண்குமார் சார் வந்து பார்த்துவிட்டுத் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். அப்புறம் ஒரே கேள்வி: எத்தனை டிகிரியில் நின்றது? தெரியாது என்றேன். அது தெரியாமல், திரும்பச் செய்து காட்டாமல், திங்கட்கிழமை இதைப் பற்றி வாயே திறக்க முடியாது என்றார்.

முனியப்பன் அண்ணனிடம் ஓடினேன். அவர் எண்ணைப் பார்க்கவே இல்லையாம். எத்தனை மணிக்கு அணைத்தார் என்று கேட்டேன்.

“பன்னெண்டுக்கு ராகு காலம் பொறக்குதே. அதுக்குப் பத்து நிமிசம் முன்னாடி ஆஃப் பண்ணிட்டுக் கற்பூரம் ஏத்தினேன்.”

ஃபர்னஸ் நிமிஷத்துக்கு ஐந்து டிகிரி ஏறும். மனக்கணக்கே போதும்: தொண்ணூற்றைந்து நிமிஷம், அறையின் சூட்டையும் சேர்த்தால் ஐந்நூறை ஒட்டி. சாக்கை உதறித் தேறிய தூளை ஐந்நூறு வரை ஏற்றி, அங்கேயே அணைத்து, தானாக ஆறவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பீக்கரில் மறுபடியும் அதே வெள்ளை.

அன்றே சார் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் போட்டுக் காட்டினார். ஐந்நூறில் நின்ற துகள் இட்லியைப் பிட்டது போல் இருந்தது. கல்லுக்குள் கட்டுண்டிருந்த நீர் வெளியேறிய வழியெல்லாம் துளை. காஸ்டிக் உள்ளே நுழைய அத்தனை வாசல். அடுத்ததாக என் தொள்ளாயிரம் டிகிரித் துகள். துளையெல்லாம் மூடி, கெட்டியாக இறுகியிருந்தது.

அப்படியானால் அந்த ஒரு வருஷமும் நான் வறுத்த ஒவ்வொரு முறையும் இந்தக் கல் ஐந்நூறில் திறந்திருக்கிறது. நான்தான் நிற்காமல் மேலே ஏற்றி, என் கையாலேயே மூடியிருக்கிறேன். நாளைக்கு என்ன பேசப் போகிறாய் என்று சார் கேட்டது காதில் விழுந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, முனியப்பன் அண்ணன் அணைத்ததிலிருந்து தொடங்குகிறேன் என்றேன்.