பத்துமலையிடம் நலம் விசாரிக்க வேண்டாம்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்ததை ஒட்டுக்கேட்டேன். காதோரம் கத்தரி ஓடியதில் பாதி விழவில்லை. விழாத பாதியை நானே எழுதியிருக்கிறேன். எது எந்தப் பாதி என்று இப்போது எனக்கே தெரியாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1927ஆம் ஆண்டு, செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், நல்ல வாழ்க்கை என்றால் என்ன என்னும் ஆதிக் கேள்வி ஓர் எளிய மனிதனின் உள்ளத்தில்—’

வேண்டாம். எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

2

பத்துமலை பால்மரம் வெட்டுகிறவன், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவன். (குகைக் கோவில் அல்ல, ஆள்.) முப்பது வயது இருக்கலாம். குடிப்பதில்லை, சண்டை போடுவதில்லை. ஒரே ஒரு கோளாறு. யாராவது “நல்லா இருக்கியா?” என்றால், அதை உண்மையான கேள்வி என்று நினைத்துக்கொள்வான்.

கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பான். கேட்டவர் நகர முடியாது. நகர்ந்தால் பின்னாலேயே வந்து பதில் சொல்வான். வளையல்காரர் ஒருவர் தெரியாமல் கேட்டுவிட்டு ரயிலைத் தவறவிட்டார். அதன்பிறகு தோட்டத்தில் எல்லோரும் அவனிடம் மழையைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

[ஒரு சந்தேகம்: இப்படி ஒருவன் இருப்பானா? இருக்கமாட்டான் என்கிறாள் என் மனைவி. மூன்று நாள் கவனித்துப் பார்த்தேன். என்னிடம் நலம் விசாரித்தவர்கள் பதினொரு பேர். பதிலுக்கு நின்றவர் ஒருவர்கூட இல்லை. ஆகவே அவனை வைத்துக்கொள்கிறேன்.]

3

அந்த வருடம் தொழிலாளர்களை விசாரிக்க ஈப்போவிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. தமிழ் படித்தவராம், ஆட்களிடம் நேராகவே பேசுவாராம். ஆட்களை மேய்த்த ஐயாவு கங்காணி முந்திக்கொண்டார். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் கூரை ஒழுகுவதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டிலேயே சொல்லிவைத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். பத்துமலை யோசித்தான்.

கங்காணி நேராக அவன் மனைவி மங்களத்திடம் போனார்.

“இந்தா பாரு மங்களம், அவன் வாயத் தொறந்தான்னா பேர வெட்டிருவேன். ரெண்டு பேரும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான்.”

மங்களத்துக்கு இது விளையாட்டாகப் படவில்லை. பேரை வெட்டினால் வேலையும் போகும், வீடும் போகும். வேறு தோட்டம் தேடி நடக்க வேண்டும். போன முறை அப்படி நடந்த வழியில் ஒரு குழந்தையைப் புதைத்துவிட்டு வந்தவள் அவள்.

[வேடிக்கைக் கதையில் இந்த வாக்கியம் எதற்கு என்று இரண்டு தடவை அடித்தேன். திரும்பத் திரும்ப எழுத வேண்டியதாகிவிட்டது.]

அதிகாரி வரும் நாளில் பத்துமலையைத் தோட்டத்தின் கடைசிக் கோடிக்கு மரம் வெட்ட அனுப்பினார்கள். அங்கே அவனை யாரும் எதுவும் கேட்க வழியில்லை.

4

அதிகாரியின் கார் வழி தவறி அந்தக் கடைசிக் கோடியிலேயே சேற்றில் சிக்கியது. (தற்செயல்தான். வேறு வழியும் யோசித்தேன். ஒரு யானையை வரவழைத்துக்கூடப் பார்த்தேன். கார் சுலபம்.) பத்துமலை தள்ளிக்கொடுத்தான். அதிகாரி இறங்கி, தான் படித்த தமிழில் அன்பாகக் கேட்டார்.

“நீர் நலமாக இருக்கிறீரா?”

பத்துமலை வாளியைக் கீழே வைத்தான்.

கார் ஓட்டிவந்த தமிழர் லியோனார்ட் இரண்டு பீடி பிடித்து முடித்தார். அதற்குள் விஷயம் கேள்விப்பட்டுக் கங்காணி புதருக்குள்ளிருந்து ஓடிவந்தார், ஒரு காலில் மட்டும் செருப்போடு. பின்னாலேயே மங்களம். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். பத்துமலை அவளைப் பார்த்தான், கங்காணியைப் பார்த்தான், இலைகளைப் பார்த்தான்.

“வெள்ளன மரம் வெட்றப்ப நல்லா இருக்கேன் தொர. பெரட்டுல நிக்கிறப்ப இல்ல. மழ வந்தா கூர ஒழுகும், அப்பவும் இல்ல. ஆனா ஒழுகுற எடத்துல சட்டிய வச்சிக்கிட்டு இவ என்னத் திட்டுவா பாருங்க, அப்ப நல்லா இருக்கேன்.”

“மெதுவா சொல்லுலா, தொர எழுதுறாரு,” என்றார் லியோனார்ட், மலாய்க்காரர்போல் ‘லா’ போட்டு.

அதுவரை பதினேழு தோட்டங்களில், எல்லோரும் நன்றாக இருப்பதாக ஒரே வரியைத்தான் அதிகாரி எழுதியிருந்தார். இதை ஒரு சொல் விடாமல் எழுதினார். ‘ஒழுகுற’ என்பதில் லகரமா, ழகரமா என்று அவர் கேட்க, அதைக் கங்காணிதான் சொல்ல வேண்டியதாயிற்று.

அதிகாரி பேர் எழுதிக்கொண்டு போன ஆளின் பேரை வெட்டக் கங்காணிக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு மாதத்தில் லயத்துக்குத் தகரக் கூரை வந்தது.

5

கதையை இங்கேதான் முடித்திருந்தேன். ஆனால் தகரத்தில் மழை விழுந்தால் காது கிழியும். மங்களம் திட்டுவது பத்துமலைக்குக் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மழை விட்ட ஒரு சாயங்காலம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இத்தனை நாள் என்ன சொல்லிக்கொண்டிருந்தாய் என்று கேட்டான்.

“தொரகூட ஒன்னக் கேட்டுட்டுப் போனாரு. என்னிய யாராச்சும் கேட்டீங்களா?”

அவனுக்கு அது புதிதாக இருந்தது. அவள் பக்கம் திரும்பிக் கேட்டான்.

“நல்லா இருக்கியா மங்களம்?”

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவள் கையில் முறம் நின்றது.

அவள் சொன்னதாக மூன்று பதில் எழுதினேன். முதலாவதில் சிரித்தாள், பொய். இரண்டாவதில் அழுதாள், அது எனக்கு வசதி, அவளுக்கு அல்ல. மூன்றாவது, ‘ஒன்னோட இருக்கிறப்ப—’ என்று தொடங்கியது. அதை நான் முடிப்பது முறையில்லை.

உலை பொங்கி வழிகிறது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. பதில் வேண்டுமென்றால் நீங்களும் அங்கே உட்காரலாம், இடம் இருக்கிறது. அவசர வேலை உள்ளவர்கள் கிளம்புங்கள்.