நீலக் கோட்டும் ஒரு தட்டு தாபேலியும்

மட்டாஞ்சேரியில் ஹீர்ஜி சேட்டு கடைத் தாபேலியைத் தின்னாத ஆளே கிடையாது என்பார்கள். நான் ஒருத்தி இருந்தேன். பதினோரு வருஷம் அந்தக் கடை வாசலைக் கூட்டியவள், ஒரு வாய் தின்றதில்லை. கிடைக்காமல் அல்ல, வீம்பு.

என் பெயர் ஆவுடையம்மாள். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. தொண்ணூறில் குஜராத்தித் தெருவில் வேலைக்குப் போட்ட முதல் வாரமே, வாசனை தாங்காமல் ஒரு சாயங்காலம் அந்தக் கடைக்குள் காலை வைத்துவிட்டேன். தாபேலிக்குப் பன்னை வகுந்து, உள்ளே உருளைக்கிழங்கு மசாலாவை அமுக்கி, இனிப்புச் சட்னி தடவி, கல்லில் வெண்ணெய் விட்டுப் புரட்டுகிறார்கள். மேலே வேர்க்கடலை, மாதுளை முத்து, ஓமப்பொடி. எனக்கு வாயெல்லாம் எச்சில். அப்போதுதான் கல்லருகே நின்ற கடைப் பையன் ரதீஷ் என் துடைப்பத்தைப் பார்த்தான். “சேச்சி, சைடில் வா” என்றான்.

பக்கத்துச் சந்தில் ஒரு ஜன்னல் இருந்தது. எங்கள் ஆட்களுக்கெல்லாம் அதில்தான் கொடுப்பார்கள், பேப்பரில் சுற்றி. உள்ளே வராதே என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சைடில் வா என்பார்கள், சிரித்துக்கொண்டே. என்னோடு தெருக் கூட்டும் சுமாவும் மற்றவர்களும் அதை வாங்கி சாக்கடை ஓடை ஓரத்தில் நின்றே தின்பார்கள். நான் தின்றால் உள்ளே போட்டிருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து, எவர்சில்வர் தட்டில் தின்பேன், இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டு வந்தேன்.

தின்னவில்லையே தவிர, அந்தத் தாபேலியை என்னைவிட அறிந்தவர் யார்? காலை ஆறு மணிக்கு அதன் கழிவெல்லாம் என் கூடையில்தானே விழுகிறது. மாதுளைத் தோல் இத்தனை, எலுமிச்சை மூடி இத்தனை, புளியங்கொட்டை, கடலைத் தோல், பேரீச்சங்கொட்டை. கடலைத் தோல் காற்றில் பறந்து முந்தானையில் ஒட்டிக்கொள்ளும். பேரீச்சங்கொட்டை துடைப்பத்துக்குள் சிக்கிக்கொண்டு உயிரை வாங்கும். நேற்றுக் கூட்டம் எப்படி, மசாலா எவ்வளவு அரைத்தார்கள் என்று குப்பையைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

இரண்டாயிரத்து ஒன்று ஜனவரியில் குஜராத்தில் பூமி குலுங்கியது. கட்ச் பக்கம் சேட்டின் அண்ணன் வீடு இடிந்து, அண்ணனும் போய்விட்டார். சேட்டு ஊருக்கு ஓடினார். கடை ரதீஷ் கைக்கு வந்தது. அதற்குள் அவன் மேனேஜர் ஆகியிருந்தான், தொப்பையும் போட்டிருந்தான்.

ஏப்ரலில் சேட்டு திரும்பி வந்த அதே வாரம், எனக்கு வேலை ஸ்திரமாகி உத்தரவு வந்தது. கூடவே நீலக் கோட்டு. ஸ்திரமான பெண்களுக்குத்தான் அந்தக் கோட்டு. சேலைக்கு மேல் போட்டுப் பொத்தான் மாட்டிக் கண்ணாடி முன்னால் நின்றேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

“நாளைக்கு சேட்டு கடைக்குப் போறேன்” என்றேன்.

என் வீட்டுக்காரர் தங்கப்பன் பயந்த ஆள். “போறதுன்னா கல்யாணத்துக்கு எடுத்த பட்டைக் கட்டிட்டுப் போடி. யாருக்கும் தெரியாது. கோட்டைப் போட்டுட்டுப் போயி அவமானப்படாத.”

“பட்டைக் கட்டிட்டுப் போனா பட்டுக்குத்தான் எடம் குடுப்பான். எனக்கா குடுப்பான்? நீரு சும்மா இரும்.”

மறுநாள் சாயங்காலம் சுமாவையும் இழுத்துக்கொண்டு போனேன். வாசல் வரை வந்தவள், “எக்கா, எனக்குப் பயமா இருக்கு, நீ போ” என்று தூணோரம் நின்றுகொண்டாள். கடை நிறைய ஆள். கல்லாவில் ஹீர்ஜி சேட்டு. மூன்று மாதத்தில் மனுஷர் பாதியாகியிருந்தார். நான் நேராகப் போய்ப் பெஞ்சு நடுவில் உட்கார்ந்தேன்.

ரதீஷ் ஓடி வந்தான். “சேச்சி, சைடில் வா. ஞான் பேப்பரில் நல்லதாட்டு பொதிஞ்சு தரேன்.”

“பொதிய வேண்டாம். தட்டுல கொண்டா.”

“இது ஆளுங்க இருந்து தின்னுற இடம் அல்லே? கோட்டு…”

“கோட்டு நேத்து வந்த புதுக் கோட்டு. உன் சட்டைக் காலரைப் பாரு மொதல்ல. நான் ஆளு இல்லாம பின்னே என்ன, ஓடையை மூடுற சிலாப்பா?”

எதிர்ப் பெஞ்சிலிருந்து ஒருவர் சிரித்துவிட்டார். வெங்கிடாசலம் சாமி, பாலக்காட்டுக்காரர், பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், தினம் வருகிறவர். கடையே திரும்பிப் பார்க்கிறது. ரதீஷுக்கு வேறு வழியில்லை. ஒரு தட்டைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தான். “வேகம் தின்னிட்டுப் போ” என்று பல்லைக் கடித்தான்.

எவர்சில்வர் தட்டு. ஆவி பறக்கிற பன். மாதுளை முத்து சிவப்பாகப் பளபளக்கிறது. பதினோரு வருஷம் அம்மா, பதினோரு வருஷம்! கையில் எடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வெங்கிடாசலம் சாமி தன் தட்டைத் தள்ளி வைத்தார். “ஹீர்ஜி, நான் சொல்றேனேன்னு நெனைச்சுக்காதேயும். பழைய ருசி இல்லையாக்கும். மூணு மாசமா இப்படித்தான். பாதிப் பேர் வரதை நிறுத்தியாச்சு.”

“ஒரு மாற்றமும் இல்லா சாமி” என்றான் ரதீஷ். “அதே கூட்டு, அதே கை.”

சேட்டு மெல்லச் சொன்னார். “அவன் பொய் சொல்லல சாமி. என்ன குறையுதுன்னு எனக்கும் சொல்லத் தெரியல, ஊர்லேர்ந்து வந்த நாளா ருசியே பிடிபடல. அண்ணனைத் தோண்டி எடுத்தேன் இந்தக் கையால. அன்னிக்கே என் நாக்கு செத்துப்போச்சு. நாக்கு செத்தவன் எதுக்குக் கடை நடத்தணும்? சித்திரை முடிஞ்சா மூடிடலாம்னு நெனைக்கிறேன்.”

இந்த மனுஷர் நாக்கு சாகவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் ரதீஷ் என்னை இந்தப் பெஞ்சிலிருந்து இறக்கிவிடுவான். கையில் இருப்பதைத் தின்றுவிட்டுப் போகலாம், ஒரு கடிதானே. பேசாமல் தின்னுடி என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை. பன்னைத் தட்டில் வைத்துத் தள்ளினேன்.

“சேட்டு, இது தாபேலி இல்ல.”

“தின்னாமலே சொல்றியா?” என்று ரதீஷ் கத்தினான்.

“தின்னு பாக்கணுமா? உன் குப்பைய நான்தானே அள்ளுறேன்! சேட்டு ஊருக்குப் போன நாள்லேர்ந்து ஒரு பேரீச்சங்கொட்டை விழல. ஒண்ணு கூட விழல. பேரீச்சம்பழம் இல்லாம என்ன இனிப்புச் சட்னி?”

“கொட்டை எடுத்த பழம் வாங்கறோம்” என்றான். முகம் வெளுத்துவிட்டது.

“அப்போ அந்தப் பொட்டி எங்க? அட்டை எங்க? பனையோலைதானே விழுது, வெல்லம் சுத்தி வர்ற ஓலை! ஈ மொய்ச்சுக் கெடக்கு. தெனம் ரெண்டு, மூணு. வெல்லத்தைக் கரைச்சு ஊத்திட்டு, பெரிய மனுஷர் நாக்கு செத்துப்போச்சுன்னு நம்ப வச்சிருக்கியே, நீ நல்லா இருப்பியா?”

சேட்டு எழுந்தார். என்னையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. உள்ளே போய்ச் சட்னிப் பானையில் விரலை விட்டு நக்கினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் நக்கினார்.

“வெல்லம்” என்றார். அப்புறம் சத்தமாக, “வெல்லம்! சாமி, வெல்லம்தான்! என் நாக்கு சரியாத்தான் சொல்லியிருக்கு!”

அந்த மனுஷர் அழுதார். என் கண்ணும் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன். ரதீஷ் சுவரைப் பார்த்துக்கொண்டு, கொட்டை எடுக்கிற வேலை மிச்சம் என்று நினைத்தேன், வேறு கெட்ட எண்ணமில்லை என்று முனகினான். சோம்பேறி.

“போ, பஜாரில் போய்ப் பேரீச்சம்பழம் வாங்கிட்டு வா. கொட்டையோட” என்றார் சேட்டு. “நீயே கொட்டைய எடு.”

அவன் ஓடினான். சட்னி கொதித்து இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு ஆள் எழுந்து போகவில்லை. நான் பெஞ்சு நடுவில் கோட்டுப் பொத்தானைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். தூணோரம் நின்ற சுமாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். வெங்கிடாசலம் சாமி எங்களுக்குச் சாயா சொன்னார்.

முதல் தட்டைச் சேட்டே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “தின்னு பாத்துச் சொல்லு, சேச்சி.”

கடித்தேன். முதலில் வெண்ணெய், அடுத்தது இனிப்பு, அதற்குள் புளிப்பு, கடைசியில் காரம் தொண்டையில் ஏறுகிறது. கடலை நொறுங்குகிறது, மாதுளை வெடிக்கிறது. ஐயோ, இவ்வளவு நல்லதையா நான் பதினோரு வருஷம் விட்டுவைத்தேன்! அத்தனை முகமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வாய் நிறைய வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? தலையை ஆட்டினேன். கடையில் விசில் அடித்தார்கள்.

காசு வேண்டாம் என்றார் சேட்டு. நீர் வாங்கினால்தான் எழுந்திருப்பேன் என்றேன். வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை கடை வாசலில் பேரீச்சங்கொட்டை குவிந்து கிடந்தது. துடைப்பத்தில் சிக்கிக்கொண்டு வர மாட்டேன் என்றது. நான் நடுத்தெருவில் நின்று சிரித்தேன்.

அன்று சாயங்காலம் நாங்கள் ஆறு பேர் போனோம், ஆறு பேரும் வேலைக் கோலத்தில். கோட்டு இல்லாத சுமா துடைப்பத்தோடு முன்னால் நடந்தாள். ரதீஷ் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள், “ரதீஷ் அண்ணே, நாங்க எங்க உக்காரணும்?”

அவன் தோளிலிருந்த துண்டை எடுத்துப் பெஞ்சைத் துடைத்தான்.