சேரின் ஃபானுக்குக் கீழே

எங்கள் கம்பனியின் மருதனார்மடம் கிளையில் ஃபான் ஒன்றுதான். அது மனேஜர் செல்வரட்ணம் சேரின் தலைக்கு நேர் மேலே சுற்றும். அந்தத் தலையில் கலைக்க ஒரு முடியும் இல்லை என்பது வேறு கதை.

எனக்கு மல்டிபிள் ஸ்கெலரோசிஸ் என்ற நரம்பு நோய். சூடு ஏறினால் கண் மங்கும், கால் சொல்வழி கேளாது. உடம்பு குளிர்ந்தால் சரியாகிவிடும். டொக்டரின் கடிதத்தைக் கொடுத்து, என் மேசையை ஃபானுக்குக் கீழே போடலாமா என்று கேட்டேன். சேர் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்தார்.

"தொத்துமோ?"

"இல்லை, சேர்."

அடுத்த நாள் கூப்பிட்டார். "உதயகலா, உம்மடை நன்மைக்குத்தான் சொல்லுறன். வீட்டிலை ஆறுதலா இரும். தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுவம்."

அந்தக் கடிதத்தைத் தமிழில் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். சேருக்குத் தன் பெயரை அடிக்கவே அரை நாள் வேண்டும்.

எனக்குக் கோபம் ஏறியது. அம்மாவும் நானும் என் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறோம்.

"அடிக்கிறன், சேர். ஆனா இந்த வெக்கையிலை எனக்கு எழுத்துத் தெரியேல்லை. உங்கடை கதிரையிலை இருந்தா அடிச்சுப்போடலாம்."

எழும்பி இடம் விட்டார். என் மூலையில் நின்று, லேஞ்சியால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துச் சொன்னார்: "மேற்படி உத்தியோகத்தர் கணினி வேலை செய்ய இயலாதவர்..."

பத்து நிமிடத்தில் முடித்தேன். கீழே 'தட்டச்சு: உதயகலா' என்றும் போட்டேன். அடித்தவர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது, பிழைவிட்ட ஆளைப் பிடிக்கச் சேர் கொண்டுவந்த சட்டம்.

மூன்று தரம் வாசித்துப் பிழை தேடினார். கிடைக்கவில்லை. கடைசி வரியில் கண் நின்றது.

"உம்மடை பேரை எடும்."

"எடுத்தா ஆர் அடிச்சதெண்டு கேப்பினம், சேர். உங்கடை சட்டம்தானே."

மறுபடி கழுத்தைத் துடைத்தார். "இஞ்சை சரியான வெக்கை."

"அதைத்தான் டொக்டரும் எழுதியிருக்கிறார்."

கடிதம் கையெழுத்து இல்லாமல் அவருடைய மேசை லாச்சிக்குள் போனது. மறுநாள் என் மேசை அவருடைய மேசைக்குப் பக்கத்தில், ஃபானுக்குக் கீழே கிடந்தது.

ஆனாலும் அவர் லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. அவர் எடுப்பது பிஸ்கட்தான். நேற்று எனக்கும் ஒன்று நீட்டினார். கடிதத்தைக் கிழித்துப்போட்டு நீட்டியிருந்தால் வாங்கியிருப்பேன்.