பெட்டிக்குள் போன அடி

ஏற்றுமதிக் கிடங்கு ஒன்றின் மூன்றாம் மேசையில் கட்டப்பட்ட சோப்புப் பெட்டி ஒன்று, எல்லைக்கு அப்பால் தன்னைத் திறந்த பல் மருத்துவரைக் கன்னத்தில் அறைந்து, அவருடைய பற்கள் இரண்டை உதிர்த்தது. திருப்பியனுப்பும் படிவத்தில், காரணம் என்ற இடத்தில், 'அடித்தது' என்று அவர் எழுதியிருந்தார். சோப்பைப் பற்றி அவருக்குக் குறை ஏதும் இல்லை.

அந்தக் கிடங்கு, சோப்புக்காரி, சீப்புக்காரர், பூட்டுக்காரர் என்று இருபத்தேழு சிறு தயாரிப்பாளர்களின் சரக்கை அடுக்கிவைத்து, வெளிநாட்டு ஆர்டர் வந்ததும் பெட்டி கட்டி, சுங்கத் தாள் ஒட்டி அனுப்பிவந்தது. வீட்டுக் கூடத்தில் சோப்பு காய்ச்சுகிறவளுக்குச் சுங்கமாவது தாளாவது. எல்லாவற்றையும் கிடங்கின் தலையில் கட்டிவிட்டு அவள் நிம்மதியாக இருந்தாள். பெட்டிக்குள் காலி இடம் விடக் கூடாது, கசக்கிய காகிதத்தால் அடைக்க வேண்டும் என்பது அங்கே பழைய விதி. ஒரு வருடம் முதலாளி, காகிதம் தண்டம் என்று நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து மேற்பார்வையாளர் அடிக்கும் அடிகள் அந்தக் காலி இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன.

அவரை அளவுகோல் என்றே எல்லோரும் சொன்னார்கள். பெட்டியை அளக்கும் இரும்பு அளவுகோலால்தான் அடிப்பார். பெட்டியில் ஒட்டும் நாடா கோணினால் விரலில், கை தாமதித்தால் தோளில். அடி வாங்கியவருக்கு வலி குறையவில்லை. திறந்திருந்த பெட்டிக்கும் ஒரு பங்கு போனது, அவ்வளவுதான். எங்கோ பெட்டி திறந்த ஒரு தையல்காரியின் மணிக்கட்டு முறிந்தது. ஒரு புதுமாப்பிள்ளையின் மூக்கு உடைந்தது. படிவங்களைப் படித்த மூன்றாம் மேசைக்காரி, வீட்டிலிருந்த பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்துக் கொண்டுவந்து, கைக்கு எட்டிய பெட்டிகளை எல்லாம் அடைத்தாள். கடவுளிடம் வேண்டிக்கொள்ளும்போதும், பெட்டி திறக்கப்போகும் முகம் தெரியாதவர்களைச் சேர்த்துக்கொண்டாள்.

நான்காம் மேசையில் அவள் தங்கை. ஒரு நாள் தங்கை, ஒரு நாட்டுக்குப் போகவேண்டிய, இன்னும் மூடாத சீப்புப் பெட்டியில் வேறு நாட்டின் சுங்கத் தாளை ஒட்டிவிட்டாள். அளவுகோல் இரும்பின் விளிம்பைத் திருப்பி அவள் இடது புருவத்தில் இறக்கினார். ரத்தம் மேசை முழுக்கப் பரவியது. பெட்டிகளைக் கொண்டுபோகும் நகர்பட்டை ஓடிக்கொண்டிருந்ததால் யாருடைய கையும் நிற்கவில்லை. அக்காவே திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டு பெட்டிகளை ஒட்டி முடித்திருந்தாள். மூன்றாம் நாள் தங்கை இறந்தாள். அலமாரியிலிருந்து விழுந்ததாகக் காவல் நிலையத்தில் எழுதினார்கள். தவறான தாளோடு அந்தச் சீப்புப் பெட்டி அடி விழுந்த அன்றே கப்பலேறிவிட்டது.

அதைத் திறப்பவர் பிழைக்க மாட்டார் என்று அக்காவுக்குத் தெரியும். அழுவதற்குக்கூட அவளுக்கு நேரமில்லை. வந்த படிவங்களை எல்லாம் விரலால் தடவித் தடவிப் படித்தாள். ஆனால் தாள் ஒரு நாட்டையும் முகவரி இன்னொரு நாட்டையும் சொன்னதால், இரண்டு சுங்கத்தாரும் அதை ஏற்கவில்லை. தங்கையின் தவறு அந்தப் பெட்டியை ஏழு மாதம் துறைமுகம் துறைமுகமாக அலையவிட்டு, திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தது.

வந்த பெட்டியை அளவுகோல் கையில் எடுத்தார். அதன்மேல் தங்கையின் கையெழுத்து இருந்தது. அக்கா செய்யவேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான்.

"சார், அதத் திறக்காதீங்க" என்றாள்.

"ஏன், உள்ள பாம்பு இருக்கா?"

"என் தங்கச்சிய நீங்க அடிச்ச அடி இருக்கு."

இரண்டாம் மேசைக்காரன் குனிந்தபடியே முணுமுணுத்தான். "திறக்கட்டும் விடுக்கா. நீ எதுக்குக் குறுக்க போற?"

"அந்த அடி இன்னொரு ஆள் மேல விழ வேண்டாம்டா. சார், கெஞ்சிக் கேக்குறேன். எங்கிட்ட குடுத்துடுங்க."

"பெட்டி அடிக்குதாம், பெட்டி" என்று சிரித்த அவர், வேண்டுமென்றே அவள் மேசைமேல் அதை வைத்து, நாடாவைக் கத்தியால் கீறினார்.

ஏழு மாதக் கடல் பயணத்தில் அடி சற்றும் மழுங்கியிருக்கவில்லை. எலும்பில் இரும்பு விழும் சத்தம் கிடங்கின் கடைசிவரை கேட்டது. இடது புருவம் பிளந்து, கண் வெளியே வந்து, அவர் மேசைக் காலடியில் சரிந்தார். நகர்பட்டை ஓடியது. எல்லோருடைய கைகளும் பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தன. பழக்கத்தில் அவள் கையும் நாடாவுக்குத்தான் போனது. பிறகு நாடாவை விட்டுவிட்டு, மேசையில் திறந்திருந்த பூட்டுப் பெட்டிக்குள்ளிருந்து விரிப்புத் துணியை உருவி, மண்டியிட்டு, அவர் நெற்றியை அழுத்திப் பிடித்தாள். ஆம்புலன்ஸ் வரப் பத்தொன்பது நிமிடம் ஆனது. தங்கையின் நெற்றியை யாரும் இப்படிப் பிடிக்கவில்லை என்பது அவளுக்கு ஒவ்வொரு நிமிடமும் நினைவிருந்தது. கையை எடுக்கவில்லை.

அளவுகோல் பிழைத்தார். மருத்துவமனையிலிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், "அலமாரி இல்ல, நான்தான்" என்றார். ஆறு வருடம் சிறையில் இருந்தார்.

துணி உருவப்பட்ட அந்தப் பூட்டுப் பெட்டி பல் மருத்துவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் தலையணையை முகத்துக்குப் பிடித்துக்கொண்டுதான் திறந்தார். ஒரு உள்ளங்கை வந்து அவர் நெற்றியில் பத்தொன்பது நிமிடம் இருந்துவிட்டுப் போனது. அவர் படிவத்தைத் தேடி எடுத்து, 'பூட்டு வேண்டாம், அது மட்டும் இன்னொன்று அனுப்ப முடியுமா' என்று கேட்டிருந்தார்.

மூன்றாம் மேசையில் இப்போது பெட்டியை மூடும் முன் உள்ளே ஒரு கணம் உள்ளங்கையை வைத்து எடுக்கிறார்கள். மற்ற மேசைகளிலும் அப்படியே. பெட்டிக்கு நான்கு விநாடி கூடுகிறது. சுவரில் ஒட்டியிருக்கும் புதிய நேர அட்டவணையில் அதையும் சேர்த்துத்தான் அச்சிட்டிருக்கிறார்கள். முதலாளி மறுபடி காகிதம் வாங்கவில்லை. பெட்டியில் அடைக்கக் காலி இடம் இல்லை.